கைதட்டலுக்கு முன்னால் இருந்தது

அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, புத்தகங்களை ஒலிப்புத்தகமாக வாசித்துக் கொடுப்பது தொழில். கணீரென்ற குரல். சன்னலுக்குப் போர்வை தொங்கவிட்ட சின்ன அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து முழு நாவலையும் வாசித்துவிடுவார். அதை வெட்டி ஒட்டிச் சரிசெய்வது என் வேலை. வாசிக்கும்போது நாக்குப் பிறழ்ந்தால் ஒரு தடவை கைதட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை மறுபடி தொடங்குவார். திரையில் அந்தத் தட்டல் ஆணி மாதிரி எழுந்து நிற்கும். அதற்கு முன்னால் இருக்கும் பிழையைத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுவேன். காதுகூட வேண்டாம், கண்ணே போதும்.

நல்ல பழக்கம்தான், அறையைவிட்டு வெளியே வராதவரை. அத்தான் வீட்டிலும் ஏதாவது சுருக்கென்று சொல்லிவிட்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அதையே பதமாக மறுபடி சொல்வார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

போன சனிக்கிழமை அக்கா பையும் கையுமாக என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"படுத்த படுக்கையா கெடந்த அவங்கம்மாவைப் பாத்துக்கத்தானேடி நர்ஸ் வேலையை விட்டேன்? நேத்து அவர் வாசிச்சிட்டிருக்கறப்போ, குழாய் ரிப்பேர்காரர் வந்திருக்கார்னு சொல்ல ரூமுக்குள்ள போனேன். 'சும்மா உக்காந்து சாப்பிடுறவளுக்கு வேலையோட அருமை எங்க தெரியப்போகுது'ன்னார். சொல்லிட்டு ஒரு தட்டு. அப்புறம் விட்ட இடத்துலேர்ந்து வாசிக்கிறார், மகராசன்!"

அத்தானுக்கு போன் போட்டேன்.

"நானா? அப்படி எதுவும் சொல்லலியே!"

மனிதர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. கையைத் தட்டியதோடு அவரைப் பொறுத்தவரை அது அழிந்துவிட்டது.

"சொன்னேன்னு அவர் வாயால ஒத்துக்கட்டும். இல்லேன்னா அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்," என்றாள் அக்கா. சொன்னால் செய்கிறவள்.

முந்தின நாள் அவர் வாசித்த அந்த அத்தியாயத்தை நான் காலையிலேயே முடித்திருந்தேன். தட்டலைப் பார்த்ததும் வழக்கம்போல வெட்டியிருக்கிறேன், அக்காவையும் சேர்த்து. மூலப் பதிவைத் திறந்தேன். எல்லாம் இருந்தது: கதவுச் சத்தம், அக்காவின் குரல், அவருடைய பதில், தட்டல். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தத் துண்டை நகலெடுத்தேன். முடித்துவைத்த அத்தியாயத்தில் அந்த இடத்தில் பின்னணி இசை ஓடுகிறது. இசையோடு கலந்து ஒட்டினால் பேச்சு இசைக்கு அடியில் பதுங்கிக்கொள்ளும். அதனால் கலக்காமல், நடுவில் செருகி ஒட்டினேன். பின்னால் இருந்ததெல்லாம் நகர்ந்து இடம் விட்டது. எப்போதும்போல், அத்தியாயத்தைச் சரிபார்க்கச் சொல்லி அத்தானுக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் வந்து வாசலிலேயே நின்றார்.

"கேட்டேன். நான்தான். உன்னப் போயி... சும்மா உக்காந்து... எங்கம்மாவ நீ..."

கணீர்க் குரலைக் காணோம். நாக்குக் குழறியது. இரண்டு கைகளும் தாமாகவே மேலே எழுந்தன.

"தட்டாதீங்க," என்றாள் அக்கா. "மொதல்லேர்ந்து வேணாம். மேல சொல்லுங்க."

கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், கதவோரம் இருந்த அவள் பையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் திக்கித் திக்கித்தான் சொன்னார். அக்கா கடைசிவரை கேட்டாள்.