ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு

கிரிவலப் பாதையை ஒட்டி வீடு கட்டிக்கொண்டு, கேட்டில் சென்சார் லைட்டும் மாட்டியவர்கள் அடி அண்ணாமலையிலேயே சகாதேவன் வீட்டுக்காரர்கள்தான். ஆள் அசைந்தால் விளக்கு எரியும், கூடவே சமையல்கட்டில் மணி அடிக்கும். பக்கத்துக் கொல்லையில் தண்ணி மோட்டாரைத் திருடிக்கொண்டு போன சேதி கேட்டு, சென்னையில் வேலை பார்க்கும் மகன் பிரசாத் வாங்கி மாட்டிய சாமான் அது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் பேர் நடக்கிற பாதையில் ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு! நல்ல கூத்துதான் போங்கள். முதல் பௌர்ணமியன்று விளக்கு அணையவே இல்லை. மணி அடித்த அடியில் சகாதேவன் மனைவி அருணாதேவிக்கு மண்டை கிறுகிறுத்துவிட்டது.

ஆனால் மற்ற நாட்களில் அந்த விளக்கை அவள் கும்பிடாத குறைதான். திருடனுக்காக இல்லை, புருஷனுக்காக. சகாதேவன் கீழ்பென்னாத்தூர் ரூட்டில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். இரண்டு வருஷமாக ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. பொழுது சாய்ந்தால் போதும், "டூட்டிக்கு நேரமாச்சு" என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கேட்டை நெருங்கியதும் லைட் எரியும், மணி அடிக்கும், கரண்டியும் கையுமாக ஓடிவந்து அவள் மடக்கிவிடுவாள். அந்த மணி இருக்கிற தைரியத்தில்தான் அவள் கொஞ்சமாவது தூங்கினாள்.

பௌர்ணமிக்கு மட்டும் வேறு ஏற்பாடு. மணியின் சுவிட்சை அணைத்துவிட்டு, கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். இந்தப் பௌர்ணமிக்கும் அப்படித்தான் செய்தாள். இருட்டிக்கொண்டு வரும்போது, இடுப்பில் கைக்குழந்தையும் கையில் ஒரு சின்னப் பெண்ணுமாக யாரோ ஒருத்தி கேட்டைத் தட்டினாள்.

"அக்கா, பாப்பாவுக்கு அவசரமா வருது. கொஞ்சம் பாத்ரூம் வுடுங்களேன்."

மலை சுற்ற வந்தவர்களிடம் அந்தப் பாதையில் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். தண்ணீர் கேட்டாலும் சரி, பாத்ரூம் கேட்டாலும் சரி. அருணாதேவி பூட்டைத் திறந்து அவர்களைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். குழந்தைக்குக் கால் கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றினாள், போகிற வழிக்கு இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தாள். முன்பக்கம் வந்து பார்த்தால் டீவி ஓடிக்கொண்டிருக்கிறது, சகாதேவன் உட்கார்ந்திருந்த நாற்காலி காலி, கேட்டு ஆவென்று திறந்து கிடக்கிறது. விளக்கு என்னவோ பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருந்தது.

"ஐயோ, என்னங்க!" என்று அவள் போட்ட சத்தம் 'அரோகரா'வில் அமுங்கிப்போனது. பாதை நிறைய ஜனம். தலைதலையாக, தலைதலையாக. இதில் எந்தத் தலை தன் புருஷனுடையது என்று பார்ப்பாள் அவள்?

எதிரில் இளநீர்க் கடை போட்டிருந்த கண்ணாயிரம் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தான்.

"இன்னாக்கா, அண்ணன் இல்லியா?"

"போயிட்டாருடா. பூட்டைத் தொறந்துவுட்டேன் பாவி, மணியையும் நிறுத்தி வெச்சிருந்தேன்..."

பிரசாத்துக்குப் போன் போட்டாள். அத்தனை லட்சம் போனுக்கு நடுவில் லைன் எங்கே கிடைக்கும்? போட்டுப் போட்டுப் பார்த்தாள், கூய் கூய் என்றதே தவிர மணி போகவில்லை. கண்ணாயிரத்திடம் வண்டி இருந்தது. பௌர்ணமியன்று பாதையில் வண்டி விட மாட்டார்கள். அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூட்டத்துக்குள் புகுந்து ஓடினான்.

கொஞ்ச தூரத்தில் இருந்த போலீஸ் உதவி மேடைக்கு அருணாதேவி ஓடினாள். மைக்கோடு ஒரு பெண் போலீஸ். நல்ல பிள்ளை, பொறுமையாகத்தான் கேட்டாள்.

"என்ன டிரஸ்மா போட்டிருந்தாரு?"

"வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை."

"வேற எதனா அடையாளம்?"

"நெத்தியில விபூதி. கால்ல செருப்பு இல்ல."

சொல்லிவிட்டு அருணாதேவியே திரும்பிப் பார்த்தாள். வேட்டியும் விபூதியும் வெறுங்காலுமாகப் பாதை முழுக்கச் சகாதேவன்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் மைக்கை எடுத்தாள். "சகாதேவன் அவர்கள் எங்கிருந்தாலும் அடி அண்ணாமலை உதவி மேடைக்கு வரவும். உங்க மனைவி காத்துக்கிட்டிருக்காங்க." பாதி நாள் தன் பேரே தெரியாத மனுஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வருவாரா? வரவில்லை.

அவள் வீட்டு வாசலுக்குத் திரும்பிய நேரத்தில், வேர்த்து விறுவிறுத்துக் கண்ணாயிரமும் தனியாகத் திரும்பினான்.

"டவுன் பக்கம் கொஞ்ச தூரம் பாத்துட்டேங்க்கா, கண்ணுல மாட்டல."

"நானே போறேன். நீ கேட்டாண்ட நில்லு."

"நீ போயி எங்கன்னு தேடுவ? ஜனத்தோட ஜனமா நடந்தாருன்னா மலையைச் சுத்தி இங்கதான வந்தாவணும்? இருட்டுல எனக்கு அவரை அடையாளம் தெரியாது, உனக்குன்னா நடையைப் பாத்தே தெரியும். நீ இங்கியே குந்து. நான் மறுபடி ஒரு தபா போறேன்."

அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு கொடுமை உண்டா? கேட்டு வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அந்த விளக்கு வெளிச்சத்தில் வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குழிக்குள் விழுந்திருப்பாரோ, பஸ் ஏறிப் போயிருப்பாரோ, பசிக்கிறது என்று கேட்கத் தெரியுமோ. அழக்கூடப் பயமாக இருந்தது. கண் கலங்கிய நேரத்தில் அவர் கடந்து போய்விட்டால்?

நேரமாக ஆகக் கூட்டம் கம்மியாயிற்று. அதுவரை அணையாத விளக்கு, நடக்கிறவர்களுக்கு நடுவே இடைவெளி விழ விழ, அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தது. எரியும்போதெல்லாம் எழுந்து நின்றாள். யாரோ ஒரு கிழவி. காலை இழுத்துக்கொண்டு இரண்டு பையன்கள். ஒரு நாய். நாய்க்குக்கூட எரிகிறது, பாருங்கள்.

அப்புறம் ஒரு தடவை எரிந்தது. பாதையின் நடுவில், இல்லாத டிக்கெட் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சகாதேவன் வந்துகொண்டிருந்தார். பாதம் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது.

"என்னங்க! எங்கப்பனே, வந்துட்டீங்களா!" ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் அழுகை வந்தது, வாய்விட்டு அழுதாள்.

அவர் மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டார். "எதுக்கும்மா அழுவுற? வழி தெரியலியா?"

"வீட்டுக்கு வாங்க. இதான் நம்ம வீடு."

திறந்திருந்த கேட்டை அவர் எட்டிப் பார்த்தார். "யாரு வூடோ. கேக்காம நுழையக் கூடாது. நான் என் வூட்டுக்குப் போவணும். அருணா தனியா இருப்பா. கேட்டைப் பூட்ட மறந்துடுவா அவ."

நான்தான் அருணா என்று சொல்ல வாயெடுத்த அருணாதேவி அவர் முகத்தையே பார்த்தாள். இரண்டு பேரும் ஆடாமல் அசையாமல் நின்றார்கள். விளக்கு அணைந்துவிட்டது.

நிலா மேகத்துக்குள் போயிருந்த இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. தன் முகமும் அவருக்குத் தெரியாதே என்று அவளுக்குப் பதறியது. வெளிச்சத்தில் இன்னொரு தடவை பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடாதா? கையை உயரத் தூக்கி விளக்கைப் பார்த்து ஆட்டினாள். எரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்கு நேராக நின்றாள். அவர் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடியும் அணைந்தது. மறுபடியும் கையை ஆட்டினாள்.

"கையைக் காட்டாதம்மா," என்றார் சகாதேவன், பாவமாக இருக்கிறது என்கிற குரலில். "வண்டி இங்க நிக்காது."

சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். கண்ணாயிரம் இன்னும் திரும்பவில்லை. போனைக்கூட அவள் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. திறந்த கேட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அருணாதேவி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.