பெயர் போடாத மூன்று கடிதங்கள்

1996 மார்ச் மாதம் நகரசபையின் பூங்கா அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் பொன்னொளி விளையாட்டுக் கழகம் ஆறு கோடைகாலமாகப் பந்தடித்து வந்த மைதானத்தை இந்த வருடம் தரமாட்டார்களாம். காரணம் ஒரே வரி: தொடர்ந்து முறைப்பாடுகள் வருகின்றன. கீழே யாரோ ஒருவருடைய கையெழுத்து. ஆறு வருடத்துக்கு ஒரு வரி!

நான் கழகத்தின் செயலாளர், பெயர் விநாயகமூர்த்தி. வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் முதன்முதலில் போனபோது அது மைதானமாகவா இருந்தது? உடைந்த போத்தல் துண்டும் கல்லும் பொறுக்கியது நாங்கள். மழைத் தண்ணீர் தேங்கும் மூலைக்கு மண் கொண்டுவந்து போட்டது நாங்கள். கோல் கம்பத்துக்கு வெள்ளை அடித்தது எங்கள் கோல்கீப்பர் வாகீசன். அவன் ஐந்து பேரோடு ஒரு அப்பார்ட்மென்றில் இருந்தான். பாண் சுடும் தொழிற்சாலையில் கிழமைக்கு ஆறு நாள் வேலை. அகதி விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த தாயிடமிருந்து ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பந்தடிக்கும் இரண்டு மணித்தியாலம்தான் அவன் சிரித்து நான் கண்டிருக்கிறேன். அதையும் பிடுங்குகிறார்கள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

முறைப்பாடு செய்தது யார் என்று எனக்கு ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் இருக்கவில்லை. மைதானத்தை ஒட்டிய வீட்டில் றொபேட் என்று ஒரு வெள்ளைக்காரக் கிழவர். ஞாயிறு தவறாமல் வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நான் காரை எடுத்துக்கொண்டு நேரே போய் அவருடைய கதவைத் தட்டினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் அவருடைய வாசலில் கொட்டினேன். கிழவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் மூச்சு வாங்கியபோது கதவைச் சாத்தினார். குற்றம் உள்ளபடியால்தான் வாய் திறக்கவில்லை என்று வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த கிழமை தலைவர் அன்புராசா அண்ணையும் நானும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். பழைய தலைவர் யேசுரட்ணம் அண்ணையும் கூட வந்தார். தலைவர் தேர்தலில் இந்த இரண்டு பேரும் மாறி மாறி அடிபட்டவர்கள்தான். ஆனால் வெளியாள் ஒருவன் கை வைத்தால் நாங்கள் ஒன்று. காரிலிருந்த முக்கால் மணித்தியாலமும் வெள்ளைக்காரருடைய துவேசத்தைப் பற்றித்தான் பேச்சு.

கண்ணாடி போட்ட ஒரு பெண் எங்களை மரியாதையாக இருத்தினார். நான் எடுத்த எடுப்பிலேயே றொபேட்டைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

அந்தத் தெருவிலிருந்து ஒரு முறைப்பாடும் வரவில்லையாம். றொபேட் என்ற மனிதர் போன மாதம் தொலைபேசி எடுத்து, விளையாட்டு எப்போது தொடங்கும் என்று கேட்டாராம். அவருக்குப் பார்க்க விருப்பமாம்.

பிறகு அந்தப் பெண் ஒரு கோப்பைத் திறந்து மூன்று கடிதங்களை எடுத்தார். தொண்ணூற்றிரண்டில் ஒன்று, தொண்ணூற்று நான்கில் ஒன்று, போன வருடம் ஒன்று. எல்லாம் ஆங்கிலத்தில், ஒன்றிலும் பெயர் இல்லை. மூன்றின் அடியிலும் ‘உண்மையுள்ள ஒரு தமிழன்’ என்று மட்டும் இருந்தது.

மூன்றாவதை அவர் சத்தமாக வாசித்தார். கழகத்தார் மைதானத்தில் குடிக்கிறார்கள், வேலியில் சலம் கழிக்கிறார்கள், தங்களுக்குள் அடிபடுகிறார்கள். விளையாடுகிறவர்களில் சிலர் ஊரில் ஆயுதம் தூக்கியவர்கள். இதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டு வருகிறேன்.

அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்.

போன வருடம் ஜூன் மாதம் அன்புராசா அண்ணை என்னை அணியிலிருந்து எடுத்துவிட்டார். முப்பத்தெட்டு வயதாம், ஓட முடியவில்லையாம். அவரே ஐம்பது மீற்றர் ஓடினால் நாக்குத் தள்ளும் மனிதர்! அந்த ஆத்திரத்தில் எழுதினேன். ஊரில் பெயர் போடாமல் முறைப்பாடு எழுதி, பெட்டிசம் போடாதவன் யார்? தபால் கந்தோரில் முத்திரை தீர்ந்தாலும் பெட்டிசம், பள்ளிக்கூட அதிபர் சிரிக்காவிட்டாலும் பெட்டிசம். பெறுகிறவரும் வாசித்துச் சிரித்துவிட்டுக் குப்பையில் போடுவார். எழுதியவனுக்கு மனம் ஆறும், அன்றோடு அலுவல் முடியும். இந்த நாட்டில் அதற்குத் திகதி முத்திரை குத்தி, இலக்கம் போட்டு, கோப்பில் வைத்து, ஒவ்வொரு சொல்லையும் நம்புவார்கள் என்று எனக்கு யார் சொன்னது? நான்கு மாதத்தில் அண்ணை என்னைச் செயலாளராக்கினார். கடிதத்தை நான் மறந்தே போனேன்.

எழுதியவர்களே பெயரோடும் கையெழுத்தோடும் திரும்பப் பெற்றால் மைதானத்தை மறுபடி தரலாம் என்றார் அந்தப் பெண். மூன்றும் வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை நான்கு மணி கடைசி. வேறொரு கழகம் வரிசையில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அன்புராசா அண்ணையின் அப்பார்ட்மென்ற் பேஸ்மென்றில் பொதுக்கூட்டம். முப்பது பேர் வந்திருந்தார்கள். அண்ணை விஷயத்தைச் சொல்லிவிட்டு, “எழுதினவன் ஆரெண்டாலும் எழும்பிச் சொல்லுங்கோ. ஒருத்தரும் கை வைக்கமாட்டினம்” என்றார்.

ஒரு கதிரைகூட அசையவில்லை.

“தின்ன வீட்டுக்கு நெருப்பு வைக்கிற சாதி!” என்று யேசுரட்ணம் அண்ணை கத்தினார். நான் அவரிலும் பார்க்கப் பலமாகக் கத்தினேன். “வெக்கம் கெட்டவங்கள்! ஆம்பிளையள் எண்டால் பேரைப் போட்டு எழுதியிருக்க வேணும்!” முப்பது பேரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு இருந்தேன். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று போடலாம் போல இருக்கிறது.

கூட்டம் முடிந்து போகும்போது வாகீசன் என்னிடம் வந்தான். “அண்ணை, எழுதின ஆக்கள் போவினமோ?”

“போவாங்கள்” என்றேன்.

திங்கள் நான் போகவில்லை. செவ்வாய் போகவில்லை. மற்ற இரண்டு கடிதத்தை எழுதியவர்களும் போகாமல் நான் மட்டும் போய் என்னைக் காட்டிக்கொடுப்பதா என்று வியாழக்கிழமை வரை இழுத்தேன். வெள்ளிக்கிழமை வேலையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, கையெழுத்து வைத்த கடிதத்தோடு மூன்றேகாலுக்கு அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தேன்.

எனக்கு முன்னால் வரிசையில் அன்புராசா அண்ணை நின்றார். கையில் ஒரு நீள என்வலப்.

“நீர் என்ன இஞ்சை?” என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். நான் அவருடைய கையைப் பார்த்தேன். அந்த நேரம் பின்னால் கதவு திறந்து யேசுரட்ணம் அண்ணை வந்தார், அவரிடமும் ஒரு என்வலப்.

மூன்று பேரும் மூன்று கடிதத்தைக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் மைதானம் எங்களுடையது. ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை.

“தொண்ணூற்றிரண்டிலை நான் தலைவரா இருக்கேக்கை என்னை நாறடிச்சது நீயோடா?” என்று யேசுரட்ணம் அண்ணை ஆரம்பித்தார்.

“அப்ப தொண்ணூற்று நாலிலை என்னைப் பற்றி எழுதினது ஆர், உம்மடை கொப்பரோ?” என்றார் அன்புராசா அண்ணை. பிறகு என் பக்கம் திரும்பினார். “உம்மை நம்பியெல்லோ மூர்த்தி செயலாளராக்கினனான்!”

“நீங்கள் மட்டும் திறமோ? என்னை ஏன் ரீமிலையிருந்து எடுத்தனீங்கள்?” என்று நானும் கத்தினேன். அந்த இடத்தில், அந்த நேரத்தில், எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது!

கண்ணாடி போட்ட பெண் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காவலாளி வந்து மூன்று பேரையும் வெளியே விட்டான். கார் நிறுத்துமிடத்தில் இன்னும் நன்றாக இடம் இருந்தது. யேசுரட்ணம் அண்ணை அன்புராசா அண்ணையின் சேட்டுக் கொலரைப் பிடித்தார், நான் விலக்குகிறேன் என்று போய் ஒரு குத்து வாங்கினேன், திருப்பிக் கொடுத்தேன். மூச்சு வாங்க நின்று மணியைப் பார்த்தபோது நான்கு பத்து. மூன்று என்வலப்பும் எங்கள் கைகளில்தான் இருந்தன. அலுவலகக் கதவு பூட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை செய்தி கேட்க ஆட்டக்காரர்கள் தமிழ்க் கடைகள் உள்ள பிளாசா வாசலில் கூடினார்கள். அண்ணைமார் இரண்டு பேரும் வரவில்லை. நான் போனேன். பதினாறு பேருக்கு முன்னால் நடந்தது முழுவதையும் சொன்னேன். யாராவது அடித்தால் நல்லது என்று இருந்தது. யாரும் அடிக்கவில்லை.

வாகீசன்தான் கேட்டான். “உங்கடை கடிதத்திலை என்ன எழுதினனீங்கள், அண்ணை?”

குடி, சலம், சண்டை என்று சொன்னேன். பிறகு ஆயுதம் தூக்கியவர்கள் என்ற வரியையும் சொன்னேன்.

அவன் எனக்குக் கிட்ட வந்தான். “ஆரை நினைச்சு எழுதினனீங்கள்?”

“ஒருத்தரையும் நினைக்கேல்லையடா. சும்மா, ஒரு பாரத்துக்குப் போட்டது.”

“வாற மாதம் என்ரை அகதிக் கேஸ் விசாரணை. நான் உந்த ரீமிலை விளையாடுறனெண்டு என்ரை லோயர் எழுதிக் குடுத்திருக்கிறார், நல்ல பெடியன் எண்டு காட்ட.” அவனுடைய குரல் உயரவில்லை. “அவங்கள் கழகத்தைப் பற்றி விசாரிச்சால்?”

அந்த வரியை எழுதியபோது எவ்வளவு திருப்தியாக இருந்தது என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

“மைதானம் போனால் போகட்டும். அந்தக் கடிதத்தைப் போய் எடுங்கோ” என்றான் வாகீசன்.

திங்கட்கிழமை அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். கண்ணாடி போட்ட பெண் என்னைக் கண்டதும் காவலாளியைத் திரும்பிப் பார்த்தார். மைதானத்தை வெள்ளிக்கிழமையே மற்றக் கழகத்துக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார். தெரியும், அதற்கு வரவில்லை என்றேன். என் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாம் போட்ட கடிதத்தை நீட்டினேன். நான் எழுதியது பொய், அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை என்று எழுதியிருந்தேன்.

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். கோப்பை எடுத்து என் பழைய கடிதத்தைத் தேடிப் பிடித்தார்.

“அதைத் தாருங்கள். நானே கிழிக்கிறேன்” என்றேன்.

முடியாது என்று தலையாட்டினார். இங்கே வந்த கடிதம் எதையும் அவர்கள் கிழிப்பதில்லையாம், இரண்டும் கோப்பில் இருக்குமாம். புதிய கடிதத்தைப் பழையதற்குப் பின்னால் வைத்து ஸ்டேப்பிளரால் அடித்தார். எனக்கு முன்னால் கோப்பை மூடி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.