சுத்தத் தண்ணீரின் எண்

ஹேமநாதன் எப்படியெல்லாம் அவமானப்பட வேண்டும் என்று சபீனா பலமுறை கற்பனை செய்திருக்கிறாள். அந்தக் கற்பனையில் சாக்கடை நாற்றம் இருந்ததில்லை. இன்றைக்கு அதுவும் கிடைத்தது, கொசுறாக.

குழாயிலும் தொட்டியிலும் தண்ணீர் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணித்துத் தரும் அம்பத்தூர் கம்பெனி ஒன்றில் அவர் மேனேஜர். தண்ணீருக்குள் காற்றை ஊதினால் ஒவ்வொரு குமிழியும் தன் பின்னால் ஒரு சுழலை இழுத்துக்கொண்டு ஏறும். பழைய கணக்குகள் கண்டுகொள்ளாத அந்தக் கொந்தளிப்பையும் சேர்த்துக் கணிக்கும் மாடலை, மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியவள் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் சபீனா. கிளையன்ட் கஜபதியிடம், "வரிக்கு வரி நானே எழுதினது" என்று கூசாமல் சொன்னவர் ஹேமநாதன். அப்போது அவளை டீ சொல்லிவிட்டு வர அனுப்பியிருந்தார். கதவைத் திறக்கும்போது அவள் காதில் விழுந்தது அதுதான்.

கஜபதிக்குச் சென்னீர்குப்பத்தில் பெரிய சலவைத் தொழிற்சாலை. கழிவுநீர்த் தொட்டியில் காற்றுக் குழாய்களை எங்கே பதிப்பது என்று மாடல் சொல்ல வேண்டும். குமிழிகள் எவ்வளவு வலுவாகக் கலக்கும் என்பதற்கு மாடலுக்குள் ஓர் எண் உண்டு. சுத்தத் தண்ணீரில் சோதித்து அவள் பொருத்தியது. சோப்புத் தண்ணீரில் குமிழிகள் ஒன்றுசேராமல் பொடியாகவே நிற்கும், கலக்கும் வலு குறையும், அந்த எண்ணின் மதிப்பையும் குறைத்தாக வேண்டும். எழுதியவர்களுக்குத் தெரியும்.

"எல்லாம் ஓகேதானே சபீனா?" எண்ணை மாற்றாமலே போட்ட ரிப்போர்ட்டை அனுப்புமுன் ஹேமநாதன் கேட்டார்.

"நீங்க பண்ணது சார், தப்பா இருக்குமா?"

வயிற்றெரிச்சல் அன்றைக்கே பாதி ஆறிவிட்டது.

இன்று வெள்ளோட்டம். தொட்டியின் மூலையில் கஜபதி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "இன்னா சார் இது? உங்க கம்ப்யூட்டர் படத்துல இங்க கலக்கு கலக்குன்னு கலக்குச்சு. இப்ப சேறு அப்டியே குந்திகினு கீதே!"

ஹேமநாதன் முகம் வெளுத்தது. சட்டென்று பக்கத்தில் நின்ற சபீனாவைக் கை காட்டினார். "உண்மையைச் சொல்லிடறேன் சார். இந்த மாடல் சபீனா பண்ணது. முழுக்க அவங்களோடது."

எத்தனை மாதம் ஏங்கிய வார்த்தை! அவர் வாயால், நாலு பேர் முன்னால்.

"நீதான் எய்துனேன்னு சொன்னியே நைனா," என்ற கஜபதி அவள் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, உன்னுதா?"

பெற்ற பிள்ளையைத் தன்னுடையது இல்லை என்று சொல்வதுபோல் இருந்தது அவளுக்கு. ஆனாலும் சொன்னாள். "இல்ல சார். அவரோடதுதான்."

திரும்பும் வழியில் கார் கரையான்சாவடி சிக்னலில் நின்றது. ஹேமநாதன் குரல் இறங்கியிருந்தது. "எங்க தப்பு இருக்குன்னு மட்டும் சொல்லும்மா."

"எழுதினவருக்குத்தானே சார் தெரியும்," என்றாள் சபீனா.