லிஃப்ட்காரரின் தலையாட்டல்

சும்மா சொல்லக் கூடாது, லிஃப்ட்காரர் மாதிரித் தலையாட்ட இன்னொருவர் பிறந்துதான் வர வேண்டும். அவசரப்படவே மாட்டார். சொன்னதை உள்ளே வாங்கி, நன்றாக யோசித்து, சரிதான் என்று தோன்றிய பிறகு ஆட்டுவது போல நிதானமாக ஆட்டுவார். அந்த நிதானத்தில்தான் டாக்டரம்மா ஏமாந்து போனாள்.

உண்மையில் அவள் டாக்டர் இல்லை, மனநல ஆலோசகர். லிஃப்ட்காரர் முதல் நாளே "டாக்டரம்மா" என்று ஆரம்பித்துவிட்டார். திருத்திப் பார்த்தாள். அதற்கும் தலையாட்டினார், அடுத்த வாக்கியத்திலேயே மறுபடியும் "டாக்டரம்மா" என்றார். சரி போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவருக்கு மனைவி இறந்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை என்று மருத்துவமனையிலிருந்து அவளிடம் அனுப்பி வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை மகளுக்கு விடுமுறை. அவள்தான் கூட்டி வருவாள். அப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு நடையில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த நிமிடமே தூங்கிவிடுவாள். முதல் நாள் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்." அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை டாக்டரம்மா அப்படியே நம்பினாள்.

யார் வந்தாலும் முதலில் சொல்ல வேண்டியதை அவருக்கும் சொன்னாள். இந்த வேலைக்கென்றே பழக்கிய குரல் அவளுடையது. பஞ்சு போல இருக்கும். "நீங்க பேசறது இந்த ரூமைத் தாண்டாதுங்க ஐயா. ஆனா வயசானவங்களையோ உடம்பு முடியாதவங்களையோ யாராவது அடிக்கிறாங்க, அடைச்சு வைக்கிறாங்கன்னு தெரிஞ்சா, முதியோர் பாதுகாப்பு அதிகாரிகிட்ட நான் சொல்லியே ஆகணும். அது சட்டம். சம்மதம்தானே?" லிஃப்ட்காரர் தலையாட்டினார். வேலை முடிந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ செவ்வாய்கள். "இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று கேட்பாள். அவர் ஆரம்பித்தால் மடை திறந்த மாதிரிதான். அவள் குறுக்கே ஏதாவது கேட்டால் ஆட்டுவார், விட்ட இடத்தில் தொடர்வார். இவருக்கு ஆலோசனை தேவையில்லை, கேட்க ஓர் ஆள் போதும் என்று அவளே முடிவுகட்டி, தன் பொறுமையை மெச்சிக்கொண்டாள். ஒளிப்பானேன், அந்த ஒரு மணி நேரத்துக்கு அவளும் ஏங்கினாள். வீட்டுக்குப் போனால் பேச்சுக்குரல் வேண்டும் என்பதற்காக டிவியைப் போட்டுவிட்டு சமையலறையில் நிற்பவள் அவள். நாளெல்லாம் ஊரார் மனதை வாங்கி வைத்துக்கொள்கிறாள், சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்க ஒரு நாதி கிடையாது. லிஃப்ட்காரர் மட்டும் கிளம்பும்போது, "நேரத்துக்குச் சாப்புடுங்கம்மா" என்பார்.

அன்றைக்கு அவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிப் பேசினார்.

"உள்ள மாட்டுனவங்களுக்கு மொதல்ல என்ன வேணும் தெரியுமாம்மா? காத்தும் இல்ல, வெளிச்சமும் இல்ல. வெளிய ஒரு ஆள் நிக்கிறான்ற தைரியம். அதனால நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு எதையாவது பேசிக்கிட்டே வேலை பாப்பேன்." சிரித்தார். "இப்ப நானே மாட்டிக்கிட்டேன். மக வேலைக்குப் போறப்ப வெளியில பூட்டிட்டுப் போறா."

டாக்டரம்மாவின் கை, குறிப்பெழுதும் பேனாவோடு அப்படியே நின்றது.

"சாயங்காலம் வந்துதான் தொறப்பா. சாப்பாடு, தண்ணி எல்லாம் வெச்சுட்டுத்தான் போறா, குறை சொல்லக் கூடாது. நான் அடுப்ப அணைக்காம விட்டுட்டேன், அதான் பயம் அவளுக்கு. போன வாரம் கோவத்துல கையப் புடிச்சு இழுத்துட்டா." சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே நீலம் பாய்ந்திருந்தது. "காது மிஷினையும் எப்பவோ எடுத்து பீரோல வெச்சுப் பூட்டிட்டா, தொலைச்சுடுவேனாம். உங்ககிட்ட மட்டும்தாம்மா சொல்றேன்."

"எவ்வளவு நாளா மிஷின் இல்ல உங்களுக்கு?"

தலையாட்டினார்.

அவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, அதே பஞ்சுக் குரலில் கேட்டாள். "ஐயா, நேத்து உங்க வீட்டுக்கு யானை வந்துச்சா?"

லிஃப்ட்காரர் யோசித்தார். பிறகு நிதானமாகத் தலையாட்டினார்.

வேறு ஒருத்தர் சொல்லிக் கேட்டிருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இத்தனை மாதம் அவள் உதிர்த்த ஆறுதல், அலசிக் கேட்ட கேள்வி, எல்லாவற்றுக்கும் மேலாக முதல் நாள் சொன்ன அந்தச் சட்டம், எதுவுமே அந்தக் காதில் ஏறவில்லை. கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு அவர் ஆட்டிய தலையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். காது கேளாதவருக்குப் புரிகிற விதத்தில் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம்தான். பயிற்சி வகுப்பில் அதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவளே இவள். தன்மேல் அப்படியொரு எரிச்சல் வந்தது அவளுக்கு.

கத்திச் சொன்னால் நடையில் இருக்கும் மகளுக்குக் கேட்கும். எழுந்துபோய் வெள்ளைப் பலகையில் கொட்டை எழுத்தில் எல்லாவற்றையும் எழுதினாள். அவர் உதடசைய வாசித்தார். 'சொல்லியே ஆகணும்' என்ற இடத்தில் உதடு நின்றது.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் வாயத் தொறந்திருக்க மாட்டேனே."

'முதல் நாளே சொன்னேன், உங்களுக்குக் கேட்கவில்லை, தவறு என்னுடையது' என்று அவள் கீழே எழுதினாள்.

"அழிச்சிடுங்கம்மா. நான் எதுவும் சொல்லல, நீங்களும் கேக்கல. காதும் காதும் வெச்ச மாதிரி இருந்துக்கலாம்."

அவள் பலகையை அழித்தாள். மறுபடி எழுதினாள்: 'வீட்டில் தீப்பிடித்தால் நீங்கள் எப்படி வெளியே வருவீர்கள்?'

லிஃப்ட்காரர் அதையும் உதடசைய வாசித்தார். "எனக்கு அவ ஒருத்திதாம்மா இருக்கா," என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

தான் செய்த தவறால் தன் கடமை இல்லாமல் போய்விடாது என்று அவளுக்குத் தெரியும். அவர் பார்க்கட்டும் என்று அவர் எதிரிலேயே போனை எடுத்தாள். அதிகாரியிடம் பூட்டைச் சொன்னாள், நீலத்தைச் சொன்னாள். ஆள் துணையில்லாத மகள் என்பதையும், நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறவள் என்பதையும் சேர்த்தே சொன்னாள். தன் பிழையையும் விடவில்லை. அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கிளம்பும்போது, சாப்புடுங்கம்மா என்று அவர் சொல்லவில்லை.

பிறகு வந்த சில செவ்வாய்களில் அவர் உட்காரும் நாற்காலி காலியாகவே இருந்தது. அவள் வேறு யாருக்கும் அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை. அவர் மறுபடி வந்தபோது காதில் மிஷின் இருந்தது. மகள் வாசலோடு நின்றுகொண்டாள், இவள் முகத்தைப் பார்க்கவில்லை, தூங்கவும் இல்லை.

"அதிகாரி நல்ல மாதிரிதாம்மா," என்றார் லிஃப்ட்காரர். "கதவு இப்ப தொறந்துதான் கெடக்குது. பகல்ல ஒரு அம்மா வந்து பாத்துட்டுப் போறாங்க. அடுப்புக்குத் தானா அணையற மாதிரி என்னமோ மாட்டியிருக்காங்க."

"உங்க பொண்ணு?"

"வேலைக்குப் போறா, வர்றா, தட்ட வெக்கிறா. பேசறதில்ல." மிஷினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஃபேன் சத்தமெல்லாம் கேக்குதும்மா இப்ப. வீட்டுல பேசத்தான் ஆளில்ல."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார்.

"மொத நாள் என்னமோ சொன்னீங்களாமே. அத இன்னொரு தடவ சொல்லுங்க, கேக்கறேன்."

டாக்டரம்மா சொன்னாள். பஞ்சுக் குரலை விட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லாக, எதையும் விழுங்காமல் சொன்னாள். என்ன பேசினால் இந்த அறையோடு நிற்கும், என்ன பேசினால் நிற்காது. அவர் காதைச் சாய்த்து முழுதாகக் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூடத் தலையாட்டவில்லை.

"சம்மதமாங்க ஐயா?"

"இல்லம்மா," என்றார் லிஃப்ட்காரர். "நீங்க செஞ்சது தப்புன்னு சொல்ல வரல. உங்க இடத்துல நானும் கதவத் தொறந்துதான் விட்டிருப்பேன். ஆனா இந்த ஏற்பாடு எனக்கு வேணாம்."

கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவள் கதவைத் திறந்துவிட்டாள். வாசலில் மகள் அவர் கையைப் பிடிக்க வந்தாள், நீலம் இருந்த இடத்தைப் பார்த்துச் சட்டென்று தோளுக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டு பேரும் நடை முடியும் வரை போனார்கள். லிஃப்ட் வந்தது, ஏறிக்கொண்டார்கள்.

டாக்டரம்மா உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவருடைய நேரம் இன்னும் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அது முடியும் வரை அவள் எதிர் நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.