கம்பளிக்குள் கறுத்த லேபிள்

அன்று மாலை, மலைமேல் ஒண்டிக்கடை சந்திப்பில், ஜோஸ்வாவின் பில்லிங் மிஷின் கடைக்குள் இருந்தவர்கள்: ஜோஸ்வா, நாகலூர்க் காப்பித்தூள் வியாபாரி அங்கப்பனின் மகன் சந்திரசேகர், அவர் மனைவி சுஜாதா, டீ கொண்டுவந்த சுகுணா. வேறு ஆள் இல்லை.

மேஜைமேல், சேலத்துக் கடை திருப்பியனுப்பிய காப்பித்தூள் பைகள். ஒவ்வொன்றிலும் அங்கப்பன் பெயருக்குக் கீழே, பார்கோடும் தேதியும் இருக்கவேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு சதுரம். தேதியை மறைத்துப் பழைய சரக்கைத் தள்ளப் பார்த்தீர்கள் என்று கடைக்காரர் போனில் சொன்னதும், லேபிள் மிஷின் வாங்கிய இந்தக் கடைக்கே சந்திரசேகர் ஓடிவந்திருந்தார். காலையில் சரியான லேபிளோடு சரக்குப் போகாவிட்டால் அந்தக் கடைத் தட்டில் இடமில்லை. இடம் போனால் போகட்டும். அப்பா பெயருக்குத் திருட்டுப் பட்டமா?

"ஏனுங்க, தேதிமேல மை பூசிட்டீங்களாமே? பஸ்ஸுல பேசிக்கிறாங்க" என்றாள் சுகுணா, டம்ளரை வைத்தபடி.

"எங்க ஊட்டுல எவனும் மை பூசமாட்டான்!" என்று கத்தினார் சந்திரசேகர்.

"மிஷின்ல கோளாறு இல்லீங்க. துணிக்கடைக்கும் இதேதான் குடுத்தேன், நொம்ப நல்லா ஓடுது" என்றான் ஜோஸ்வா.

"அப்ப நாங்கதான் திருடங்களா?"

சுஜாதா கணவனைப் பார்த்தாள். "மை ரிப்பன் போடற மிஷினு வாங்கலாம்னு அன்னைக்கே சொன்னனுங்க. ரிப்பன் எதுக்கு, மை எதுக்குன்னு பெரிய மனுசனாட்டம் பேசுனீங்க."

அவர் டம்ளரை எடுத்தார். அடியில் கிடந்த வெள்ளை லேபிளில் வட்டமாக ஒரு கறுப்பு.

ஜோஸ்வா குனிந்து பார்த்தான். "இந்தத் தாளு சூட்டுலதானுங்க எழுத்தாவுது. சூடு பட்டா முச்சூடும் கறுத்துரும். ஆனா உங்க பையில சூடு ஏது?"

"கம்பளி" என்றாள் சுஜாதா.

வறுத்து அரைத்த தூளை ஆறவிடாமல் பையில் அடைத்து, மூட்டையைக் கம்பளியால் போர்த்தி இறக்குவது அங்கப்பன் காலத்து வழக்கம். வாங்குகிறவர் கையில் வெதுவெதுப்பு இருக்கவேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது வெள்ளையாக இருந்த லேபிள், மலையிறங்கும் வழியில் கம்பளிக்குள் வெந்திருக்கிறது.

"அப்பச் சுலபமுங்க. ஆறவெச்சு அடைங்க, இதே மிஷின் போதும்."

"மிஷினுக்காக எங்கப்பன் வழக்கத்தை மாத்தறதா? ரிப்பன் மிஷினை எடு."

அதில் அடித்த முதல் லேபிளின்மேல் சந்திரசேகரே கொதிக்கும் டீயை வைத்து எடுத்தார். ஒரு கோடும் கறுக்கவில்லை. அதே தேதியைப் பைகளில் மறுபடி ஒட்டி, முதல் பஸ்ஸில் சேலம் போனார்.

கடைக்காரரின் ஸ்கேனர் பைக்குப் பை சத்தம் கொடுத்தது. அவர் முகம் தெளியவில்லை.

"புது லேபிள் எப்ப வேணா ஒட்டலாமுங்க. தேதி நெசம்னு எதை வெச்சு நம்பறது?"

நேற்று ஒட்டியதே இன்று சந்திரசேகருக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது. தோள்பையிலிருந்து பழைய லேபிள் சுருளை எடுத்து, ஒன்றைக் கிழித்துக் கடைக்காரரின் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்தார். டம்ளரை எடுத்ததும் கறுப்பு வட்டம்.

கடைக்காரர் அந்த வட்டத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். "மை இல்லீங்க, ஒத்துக்கறேன். ஆனா உங்க தட்டுல வேற காப்பி ஏத்திட்டனே."

மூட்டையைச் சுமந்துகொண்டு சந்திரசேகர் மலையேறினார்.

அங்கப்பன் குடும்பம் தேதிமேல் மை பூசியதாக மலையில் இன்னும் பேசுகிறார்கள். பூசவில்லை. சூட்டில் கறுத்தது.