இரண்டு மணித் தண்ணீர்

கடப்பாரை மறுபடியும் பாறையில் பட்டுத் தெறித்தது.

"இங்கயும் கல்லுதான்," என்றான் லாரி ஓட்டுகிறவன். "கரண்டு, உங்க டேம்ல வெடி வைக்கிறவன் எவனாச்சும் இருந்தா கூப்பிடேன்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கரண்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தான். அணையின் கட்டுப்பாட்டு அறையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காலனியில் அவனுக்கு அதுதான் பெயர். மனைவியின் உடல் வீட்டுக்குள் கிடந்தது. வந்தவர்கள் கைகொடுத்துவிட்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்கள். அவனுக்கும் தெரியவில்லை. வீட்டுக்கும் குழிக்கும் காலையிலிருந்து நடந்துகொண்டே இருந்தான்.

ஆற்றோரத்துச் சனத்தை இந்த மேட்டில் குடியேற்றிப் பத்து மாதம். வரைபடத்தில் பள்ளிக்கூடம் இருந்தது, பஸ் நிறுத்தம் இருந்தது, விளையாட்டு மைதானம்கூட இருந்தது. புதைக்க இடம் மட்டும் விட்டுப்போயிற்று. பழைய இடுகாடு அணைத் தண்ணீருக்கடியில். இதுதான் இங்கே முதல் சாவு.

"மைதானத்துல தோண்டலாம்," என்றான் மச்சினன். "அங்கதான் லாரி மண்ணு கொட்டியிருக்கு."

பிள்ளைகள் கேட்காமலே கோல் கம்பங்களைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார்கள்.

மச்சினன் வெறி பிடித்தவன்போலத் தோண்டினான். பத்தொன்பது வயது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் கசிந்தது. யாரிடமும் கடப்பாரையைக் கொடுக்கவில்லை.

"கொடுடா, நான் கொஞ்ச நேரம் குத்துறேன்," என்றான் கரண்டு.

"வேணாம் மாமா. என் ஃபாரத்துக்காகத்தானே போனா. நான்தான் தோண்டணும்."

காலனியில் சிக்னல் கிடையாது. ஆற்று நடுவே ஒரு பாறையில் மட்டும் கிடைக்கும். ஊரின் இளவட்டம் முழுக்க, வேலைக்கு மனுப் போடுவதும் பரீட்சை முடிவு பார்ப்பதும் அதன்மேல் உட்கார்ந்துதான். நேற்று தொழிற்பயிற்சி மனுவுக்குக் கடைசி நாள். தம்பிக்கு அதை நிரப்பத் தெரியாது. அக்காதான் போனாள்.

மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் காலையிலிருந்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "எல வரலையேப்பா. வெள்ளம்னா முன்னாடி எலயும் சருகும் வருமே. அதப் பாத்தா எந்திரிச்சிருப்பாளே எம்புள்ள."

அணை திறந்துவிடும் தண்ணீரில் இலை வராது. தெளிவாக, சில்லென்று வரும்.

ஜீப் ஒன்று வந்து நின்றது. ஷிஃப்ட் இன்ஜினியர் இறங்கினார். கரண்டைத் தனியே அழைத்துத் தோளைத் தொட்டு ஒரு காகிதத்தைக் கொடுத்தார்.

"மனசத் தேத்திக்கய்யா. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். சைரன் அடிச்சுது, அந்தப் பொண்ணு கவனிக்கலைன்னு."

"சார்..."

"புதுசா ஒண்ணும் எழுதல. லாக் புக்குல நீ எழுதினதுதான்."

அவன் எழுதியதுதான். குரங்கு வயரை அறுத்துப் போட்டதிலிருந்து சைரன் ஊமை. பொத்தானை அமுக்கினால் அறையில் பச்சை விளக்கு மட்டும் எரியும். எல்லா ஷிஃப்டும் அதைப் பார்த்துவிட்டு 'அடித்தது' என்று எழுதும். அவனும் எழுதினான். தினமும் மதியம் இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். அதற்கு முன் பயமில்லை என்று காலனி முழுக்கச் சொல்லி வைத்தவனும் அவன்தான். நேற்றுக் காலை பதினொரு மணிக்கே, மின்சாரம் போதவில்லை, திறந்துவிடு என்று நகரத்திலிருந்து போன் வந்தது. திறக்கும்போது பாறை ஒரு நொடி நினைவுக்கு வந்தது. இந்த வெயிலில் யார் போகப் போகிறார்கள் என்று நினைத்தான். போனில் மறுபடி அவசரப்படுத்தினார்கள்.

குழிக்குள்ளிருந்து மச்சினனின் குரல் கேட்டது. அழவில்லை. "நாந்தான் அனுப்பினேன், நாந்தான் அனுப்பினேன்" என்று ஒவ்வொரு குத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

கரண்டு காகிதத்தை மடித்து இன்ஜினியர் கையிலேயே வைத்தான். குழி ஓரத்தில் போய்க் குந்தினான்.

"டேய். நேத்து ஷிஃப்ட் நான்."

மச்சினன் நிமிர்ந்தான்.

"பதினொரு மணிக்குத் தண்ணி விட்டது நான். சைரன் அடிக்கல. அடிச்சதா எழுதினேன். ரெண்டு மணின்னு நான் சொன்னத நம்பித்தான் அவ போனா."

"யோவ், என்ன பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறியா?" என்றார் இன்ஜினியர்.

"தெரியும் சார்."

மாமனார் முணுமுணுப்பதை நிறுத்தினார். லாரிக்காரன் ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டான்.

"அப்ப என் ஃபாரம்?" என்றான் மச்சினன்.

"ஃபாரத்தால இல்லடா."

மச்சினன் அவனையே பார்த்தான். பிறகு மண்ணில் உட்கார்ந்து முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான். அப்போதுதான் அழுதான். கரண்டு கை நீட்டினான். மச்சினன் அதைத் தட்டிவிட்டான்.

ஜீப் கிளம்பிப் போயிற்று.

உடலை எடுக்கும்போது மணி மூன்று. பாடையின் பின்னால் இரண்டு பேர் குனிந்து பிடித்துக்கொண்டார்கள். முன்னால் இடப்பக்கம் மச்சினன். வலப்பக்கம் காலி. லாரிக்காரன் வரப் பார்த்தான். மச்சினன் தலையசைத்து வேண்டாம் என்றான். யாரையும் கூப்பிடாமல், தூக்கவும் செய்யாமல், தரையைப் பார்த்தபடி குனிந்தே இருந்தான்.

கரண்டு வந்து மூங்கிலைப் பிடித்தான்.

"தூக்கு," என்றான் மச்சினன். மாமா என்று சொல்லவில்லை.

மச்சினன் ஒரு சாண் உயரம் அதிகம். பாடை கரண்டின் பக்கம் சாய்ந்தது. மைதானம் போய்ச் சேரும்வரை மச்சினன் முழங்காலைச் சற்று மடக்கியே நடந்தான்.