ரயில்வே கேட்டில் டனல் ராம்

எங்கள் இந்தியானா ஊரில் அக்டோபரில் பள்ளி ஊர்வலம் நடக்கும். ராணிப் போட்டிக்கு நிற்கும் பெண்கள் கூரை திறந்த கார்களின் பின்பக்கத்தில் உட்கார்ந்து கையசைத்துக்கொண்டு போவார்கள். போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணை ஏற்றிப் போன என் கார் அஞ்சலகத்துக்கு எதிரே நின்றுவிட்டது. பேண்டு வாத்தியப் பிள்ளைகள் டிரம்மை இறக்கிவைத்துவிட்டுத் தள்ளினார்கள். இந்த வருஷம் உட்காரப்போவது என் மகள் ஜனெல்.

"நின்னுச்சுன்னா இறங்கி நடந்தே போயிடுவேன்ப்பா. அப்புறம் உங்ககூட பேச்சே கிடையாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

எல்லாம் எஞ்சின் மேல் நான் மாட்டியிருந்த டனல் ராம் என்கிற பந்தயக் கார் பாகம் செய்கிற வேலை. நெட்டுக்குத்தாக நிற்கும் உயரமான காற்றுக்குழாய்கள். அவற்றின் தலையில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் இரண்டு கார்புரேட்டர்கள், பானட்டில் அறுத்த துளை வழியே வெளியே தெரியும். பந்தய வேகத்தில் அதற்கு நிகர் கிடையாது. நடை வேகத்தில் காற்று சோம்பிவிடும். பெட்ரோல் ஆவியாகாமல் குழாயிலேயே தங்கும். வண்டி இருமி நிற்கும்.

என் மனைவியின் தம்பி டுவைட் அதைக் கழற்றச் சொன்னான். எனக்கு மனசு வரவில்லை. கடைசியில், மெதுவாகப் போகும்போதும் காற்று வேகமாக இழுபடட்டும் என்று பெரிய கார்புரேட்டர்களை எடுத்துவிட்டுச் சிறியவற்றை மாட்டினோம். புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து பிடுங்கியதா என்று சிநேகிதர்கள் கேட்டார்கள்.

ஊர்வலத்தன்று நல்ல குளிர். எஞ்சினை நன்றாகச் சூடேற்றிவிட்டுத்தான் கிளம்பினேன். ஜனெல் பின்பக்கத்தில் ஏறிக்கொண்டாள், டுவைட் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பாதி வழிவரை கார் முறுமுறுத்துக்கொண்டே ஒழுங்காக வந்தது. அப்போது ரயில்வே கேட் இறங்கியது. சரக்கு ரயில், முடிவே தெரியவில்லை. எஞ்சின் சத்தம் மெல்ல இறங்கத் தொடங்கியது. என் கால் தானாக ஆக்சிலரேட்டருக்குப் போனது. எஞ்சின் திணறினால் இங்கே எவனும் செய்வது அதுதான்.

டுவைட் என் முழங்காலை அழுத்திப் பிடித்தான்.

"மிதிக்காதீங்க மச்சான். உள்ள பெட்ரோல் கொட்டி மூழ்கிடும். நியூட்ரல்ல போட்டுட்டு சும்மா இருங்க."

சும்மா இருப்பதைப் போலக் கஷ்டம் எதுவுமில்லை. கியரைத் தள்ளிவிட்டுக் காலை எடுத்தேன். ஒரு விக்கல், இன்னொன்று. பிறகு சத்தம் மெதுவாக ஏறி ஒரே சீராக நின்றது. அப்போதுதான் மூச்சு விட்டேன்.

கேட் மேலே ஏறியதும் கார் தயங்காமல் நகர்ந்தது. பள்ளி மைதானத்தில் ஜனெல் இறங்கி என் பக்கம் ஓடி வந்தாள்.

"ரயில் டிரைவர் எனக்குக் கையாட்டினாருப்பா, பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று சொல்லிவிட்டு, சாவியைத் திருப்பி எஞ்சினை நானே அணைத்தேன்.